டொலேடோவுல எதை வாங்கலாம், எதைப் பாத்துட்டு மட்டும் வரலாம்

கேள்வியை மொதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். ஸ்பெயின்ல மாட்ரிட்டுக்கு அஞ்சு நாள் ட்ரிப், அதுல ஒரு நாள் டொலேடோ, கூட வர்ற அம்மா சுத்த சைவம். அங்க உருப்படியா என்ன வாங்கலாம், எங்கெல்லாம் ஏமாத்துவாங்க, தம்பி ஒரு வாள் கேக்குறான் அதை சென்னை வரைக்கும் கொண்டு வர முடியுமா, இதான கேட்டிருந்தீங்க.

நான் மாட்ரிட்ல ஆறு வருஷம் குப்பை கொட்டினவன். ஊர்ல இருந்து யார் வந்தாலும் அவங்கள டொலேடோ கூட்டிட்டுப் போற வேலை என் தலையில தான் விழும், அதனால அந்தக் கடைத்தெருவை எத்தனை தடவ மேலயும் கீழயும் ஏறி இறங்கியிருப்பேன்னு எனக்கே கணக்கு தெரியாது. மொத தடவ போனப்போ நல்லா ஏமாந்தேன், அதையும் சொல்றேன்.

ஊரோட அமைப்பு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. தாகோ ஆறு மூணு பக்கம் சுத்தி வளைச்சு ஓட, நடுவுல ஒரு பாறைக்குன்னு, அது மேல தான் பழைய ஊர். 1986ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க. மாட்ரிட் அத்தோச்சா ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறினா அரை மணி நேரம் தான். குன்னு மேல ஏறினதும் வர்ற சதுக்கம் பேரு தோகோதோவேர், அரபி ஆட்சி காலத்துல அங்க ஆடு மாடு குதிரை விக்கிற சந்தை நடந்துச்சு, பேரே அந்த அரபி வார்த்தையில இருந்து வந்தது தான். அங்கிருந்து கதீட்ரலைப் பாத்து போற மெயின் ரோடு முழுக்க கடை, அந்தப் பக்கம் சாந்தோ தோமே தெரு வழியா யூதர் தெரு வரைக்கும் கடை. வாசல்ல வாள், கவசம், ஃப்ரிட்ஜ் மேக்னட், ஃபிளமெங்கோ விசிறி, காளை படம் போட்ட டீஷர்ட்டுன்னு அடுக்கி வச்சிருப்பான். விசிறிக்கும் ஃபிளமெங்கோவுக்கும் டொலேடோவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அது தெக்கு ஸ்பெயின்ல அந்தலூசியா பக்கத்து சமாச்சாரம். அதெல்லாம் எந்த ஊர் ஏர்போர்ட்லயும் கிடைக்கும், அதுக்கு இங்க காசைக் கரைக்க வேணாம்.

இந்த ஊருக்குன்னே உள்ளது டமாஸ்கினாடோ. கருப்பு இரும்புல தங்கக் கம்பியால பூ, பறவை, அரபி ஸ்டைல் கட்டம் எல்லாம் இழைச்சிருப்பாங்க, தோடு டாலர்ல ஆரம்பிச்சு சுவத்துல மாட்டுற தட்டு வரைக்கும் உண்டு. டமாஸ்கஸ் ஊர் பேர்ல இருந்து வந்த பேரு, ஆனா டமாஸ்கஸ் எஃகுன்னு அலை அலையா கோடு விழுந்த வாள் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்களே, அது வேற இது வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. நம்ம நாட்டுல ராஜஸ்தான்ல கோஃப்ட்கரின்னு ஒண்ணு பண்ணுவாங்க, இது கிட்டத்தட்ட அந்த வேலை தான்.

எப்படி பண்றாங்கன்னு ஒரு தடவ பக்கத்துல நின்னு பாத்துட்டா ஒரிஜினலையும் டூப்ளிகேட்டையும் பிரிக்கிற கண்ணு தானா வந்துடும். யூதர் தெருவுக்குப் போற வழியில ஒரு சின்னப் பட்டறை, உள்ள ரெண்டு பேர் நின்னாலே இடிக்கும். அந்தப் பெரியவர் கெட்டியான பிசின்ல ஒரு இரும்புத் தகட்டைப் பதிச்சு வச்சுட்டு, கூர் கத்தியால அது மேல கோடு கீறிக்கிட்டே இருந்தாரு, முடி மாதிரி பொடிக்கோடு, ஒரு திசையில முடிச்சிட்டு குறுக்கால, அப்புறம் இன்னொரு குறுக்கால, கடைசியில தகடு மெல்லிசான அரம் மாதிரி ஆயிடுது. விரலை வச்சுப் பாருன்னாரு, சொரசொரன்னு இருந்துச்சு. அந்த சொரசொரப்பு தான் தங்கத்தைப் பிடிச்சு வைக்குது, பசையும் கிடையாது பத்தவைப்பும் கிடையாது. தங்க நூலை இடது கையில பிடிச்சு டிசைன் மேல வளைச்சு வளைச்சு வச்சுக்கிட்டே வலது கையால டொக் டொக்குன்னு ஒரு குட்டிச் சுத்தியலால தட்டி உக்கார வைக்கிறாரு, ஒரு இலை முடியுறதுக்குள்ள எனக்கு கால் வலிச்சிடுச்சு. இதெல்லாம் முடிஞ்சப்புறம் காஸ்டிக் சோடாவும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கொதிக்கிற குளியல்ல போட்டு எடுப்பாங்களாம். அதுல இரும்பு மட்டும் கருத்துடும், தங்கம் அப்படியே நிக்கும். அதுக்கப்புறம் குட்டிக் குட்டி உளியால தங்கத்து மேல இலை நரம்பு, இறகு எல்லாம் தட்டித் தட்டி எடுப்பாங்க, அதுல தான் அதுக்கு உயிரே வருது.

இதே டிசைன்ல மெஷின் சரக்கும் மலை மாதிரி கிடக்கு. டிசைனை அச்சுல அழுத்தி மேல மெல்லிசா தங்க முலாம் ஏத்தினது, பத்து யூரோவுக்குள்ளயே தோடு கிடைக்கும். அதுவும் தப்பில்ல, ஆபீஸ்ல பத்து பேருக்கு குடுக்கணும்னா அதையே வாங்குங்க, ஆனா அதுக்குக் கைவேலை விலை குடுத்துடாதீங்க. கண்டுபிடிக்கிறது எப்படின்னா, ஃபோன் கேமராவை நல்லா ஜூம் பண்ணிப் பாருங்க, கைவேலைன்னா தங்கக் கோடு ஒரு இடத்துல தடிச்சு ஒரு இடத்துல மெலிஞ்சு இருக்கும், உளி தட்டின புள்ளி தெரியும். மெஷின்னா எல்லாம் ஒரே மட்டமா வழவழன்னு. ஒரே டிசைன்ல நாலு பீஸ் பக்கத்துல பக்கத்துல இருந்தா நாலையும் ஒப்பிட்டுப் பாருங்க, நாலும் அச்சு அசலா இருந்தா கேள்வியே வேணாம். பெரிய கைவேலைப் பீஸ்ல பல பேர் கையெழுத்தோ இனிஷியலோ போட்டிருப்பாங்க. "எச்சோ அ மானோ?"ன்னு கேளுங்க, கையால செஞ்சதான்னு அர்த்தம். அதுக்கப்புறம் "எச்சோ என் டொலேடோ?"ன்னும் சேத்துக் கேளுங்க, இங்கயே செஞ்சதான்னு. நேர்மையான கடைக்காரங்க இந்த ட்ரே கைவேலை, அந்த ட்ரே மெஷின்னு அவங்களே பிரிச்சுக் காட்டுவாங்க. மழுப்புறவங்களும் இருக்காங்க, அவங்க முகத்துலயே தெரியும்.

இப்ப நான் ஏமாந்த கதை. மொத தடவ மாட்ரிட்ல இருந்து ஒரு பஸ் டூர்ல போனோம். கைட் அம்மா ஊருக்குள்ள நுழையிறதுக்கு முன்னாடியே "தொழிற்சாலை விசிட்"டுன்னு ஒரு பெரிய கடையில இறக்கி விட்டாங்க. வாசல்ல ஒருத்தர் உக்காந்து நிஜமாவே தங்கம் இழைச்சுக்கிட்டு இருந்தாரு, எல்லாரும் வாயைப் பொளந்து பாத்தோம், வீடியோ எடுத்தோம். உள்ள போனா ஹால் முழுக்க சரக்கு. அவரு செஞ்சது தான் இதுன்னு யாரும் சொல்லல, நாங்களா அப்படி நினைச்சுக்கிட்டோம், அதான் அவங்க டெக்னிக்கே. தொண்ணூறு யூரோ குடுத்து ஒரு தட்டு வாங்கினேன், அடுத்த தடவ ஊருக்குள்ள நடந்து போறப்போ அதே தட்டு, அதே பறவை, அதே இடத்துல அதே வளைவு, மூணு கடை வாசல்ல தொங்குது, அதுவும் பாதி விலைக்கு. கைடுக்கு அங்க கமிஷன் உண்டுன்னு பின்னாடி தெரிஞ்சுது. அதனால க்ரூப் டூர்ல போனா கூட வாங்குற வேலையை அவங்க இறக்கி விடுற இடத்துல வச்சுக்காதீங்க. ட்ரெயின்ல நீங்களா போறது இன்னும் நல்லது.

வாங்கினா ஒரு விஷயம், அது இரும்பு, வேர்வையும் ஈரமும் ஆகாது. சென்னை உப்புக்காத்துக்கு மெல்லிசா எண்ணெய் தொட்ட துணியால அப்பப்ப துடைச்சு வைங்க, தோடு மோதிரம்னா குளிக்கிறப்போ கழட்டிடணும்.

அடுத்தது வாள், தம்பி விஷயம். டொலேடோ வாளுக்கு பேர் வந்தது சும்மா இல்ல, நடுவுல மென்மையான இரும்பு, ரெண்டு பக்கமும் கெட்டி எஃகு வச்சு அடிப்பாங்க, அந்த நடு இரும்புக்கு அவங்க வச்ச பேரு "அல்மா", ஆன்மான்னு அர்த்தம். அது இருக்கிறதால தான் வாள் வளைஞ்சாலும் ஒடையாது. மூணாம் கார்லோஸ் ராஜா பட்டறைங்களை எல்லாம் ஒண்ணாக்கி அரசு ஆயுதத் தொழிற்சாலை கட்டினாரு, 1780ல கட்டி முடிச்ச அந்தக் கட்டடம் இன்னைக்கும் ஆத்தோரமா இருக்கு, இப்ப அது யுனிவர்சிட்டி கேம்பஸ். ஆனா கடை வாசல்ல தொங்குற வாள்ல ரொம்பப் பெரும்பாலானது கூர் வைக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலங்கார வாள், சினிமாவுலயும் சீரியல்லயும் வந்த வாளோட காப்பி தான் பாதி. சூடு போட்டு அடிச்சு செய்யிற பட்டறைங்க விரல் விட்டு எண்ணிடலாம், விலையும் நூத்துக்கணக்குல போகும்.

கொண்டு வர முடியுமான்னா, என் பதில் வேணாம் விட்டுடுங்க. கேபின்ல சான்ஸே இல்ல, ஒரு மீட்டர் நீள சாமானுக்கு செக் இன் பெட்டியும் பத்தாது, ஏர்லைன்ஸ்ல தனியாப் பேசணும். அதை விடப் பெரிய தலைவலி நம்ம பக்கம். 1959 ஆயுதச் சட்டத்துல வாளும் ஆயுதம் தான், வெளிநாட்டுல இருந்து ஆயுதம் கொண்டு வர்றதுக்கு லைசென்ஸ் வேணும். "இது சும்மா ஷோவுக்கு சார்"னு விடியக்காலை மூணு மணிக்கு கஸ்டம்ஸ் ஆபீசர்கிட்ட நின்னு விளக்கம் குடுக்கணுமா? தம்பிக்கு டொலேடோ வாள் மாதிரியே பிடி போட்ட ஒரு லெட்டர் ஓப்பனர் வாங்குங்க, உள்ளங்கை நீளம் தான், டமாஸ்கினாடோ பிடி போட்டதும் கிடைக்கும், பாக்க அம்சமா இருக்கும். அதையும் செக் இன் பெட்டியில தான் போடணும், கைப்பையில மறந்துடாதீங்க.

சாப்பாட்டுப் பக்கம் வருவோம், என்னைக் கேட்டா காசு செலவு பண்ண நியாயமான இடம் இது தான். மார்சிபான், அங்க சொல்றது மதபான். பாதாமும் சர்க்கரையும் அரைச்சு உருண்டை பிடிச்சு, குட்டிக் குட்டி உருவமா செஞ்சு, மேல லேசா அடுப்புல சிவக்க விட்டது. நம்ம பாதாம் பர்ஃபி மாதிரி நெய் வாசம் இருக்காது, பாதாம் வாசம் மட்டும் தூக்கலா, உள்ள ஈரமா மெத்துனு இருக்கும். 1212ல நாவாஸ் தெ தொலோசா போர் சமயத்துல கோதுமைக்குப் பஞ்சம், சான் கிளெமெந்தே மடத்து கன்னியாஸ்திரிங்க கிடங்குல இருந்த பாதாமையும் சர்க்கரையும் தடியால இடிச்சு ரொட்டிக்குப் பதிலா குடுத்தாங்கன்னு ஊர்ல எல்லாரும் ஒரு கதை சொல்லுவாங்க. கேக்க நல்லா இருக்கு, நான் நம்புறதில்ல, அரபிங்க வழியா வந்திருக்கும்னு சொல்றது தான் எனக்கு சரியாப் படுது. யார் கண்டுபிடிச்சா என்ன, டொலேடோ மதபானுக்கு இப்ப புவிசார் குறியீடு இருக்கு, நம்ம திருநெல்வேலி அல்வா ஆளுங்களுக்கு இதோட அருமை புரியும். அந்த முத்திரை இருக்கணும்னா எடையில குறைஞ்சது பாதி பாதாமா இருக்கணும். பெட்டியில அந்த முத்திரை இருக்கான்னு பாருங்க, பின்னாடி பொருள் பட்டியல்ல மொத வார்த்தை "அல்மேந்த்ரா"ன்னு, அதாவது பாதாம்னு இருக்கான்னும் பாருங்க. சர்க்கரை மொதல்ல வந்தா வச்சுட்டு வந்துடுங்க.

சாந்தோ தோமேன்னு 1856ல ஆரம்பிச்ச கடை தான் எல்லாருக்கும் தெரிஞ்சது, சதுக்கத்துலயே கிளை இருக்கு, எண்ணி எடுத்துக் குடுப்பாங்க, வேணுங்கிற மாதிரி கலந்து வாங்கிக்கலாம். ஆனா எனக்குப் பிடிச்சது மடங்கள்ல வாங்குறது. சில மடத்துல இப்ப சாதாரண கவுண்டர் வச்சுட்டாங்க, சிலதுல இன்னும் பழைய சுழல் பெட்டி தான். சுவத்துல பதிச்ச மர உருளை அது, உள்ள இருக்கிறவங்களை நீங்க பாக்க முடியாது, அவங்களும் உங்களைப் பாக்க முடியாது. மணி அடிச்சா உள்ள இருந்து மெல்லிசா ஒரு குரல் "ஆவே மரியா பூரீசிமா"ன்னு வரும், அதுக்கு ஒரு பதில் வாசகம் இருக்கு, தெரியலேன்னா புவெனோஸ் தியாஸ் சொன்னாப் போதும். பக்கத்துல விலைப்பட்டியல் ஒட்டியிருக்கும், எத்தனைன்னு சொல்லிட்டு காசை வச்சு சுத்தி விட்டா, க்ரீச்சுனு சத்தத்தோட திரும்பி வர்றப்போ அதுல ஒரு வெள்ளைப் பெட்டியும் மீதிச் சில்லறையும் உக்காந்திருக்கும். எங்க சித்தி இதைப் பாத்து மூணு தடவ வாங்கினாங்க, சுத்துறதுக்காகவே. கையில ரொக்கம் வச்சுக்கங்க, மதியம் மூடிடுவாங்க, சாயங்காலம் கொஞ்ச நேரம் தான் திறப்பாங்க.

அம்மா சைவம்னீங்க, முட்டையும் சாப்பிட மாட்டாங்கன்னா இங்க உஷாரா இருக்கணும். வெறும் உருவங்களே பளபளப்புக்கு மேல முட்டை தடவினதா இருக்கும், "யேமா"ன்னு எழுதியிருந்தா உள்ள மஞ்சக்கரு பூரணம். பாம்பு மாதிரி சுருண்டு வட்டப் பெட்டியில உக்காந்திருக்கும் பாருங்க, அது பாம்பு இல்ல விலாங்கு மீன் உருவம், மீன் கிடையாது பயப்படாதீங்க, ஆனா உள்ள மஞ்சக்கரு நிச்சயம் உண்டு. "சின் உவேவோ", முட்டை இல்லாததுன்னு கேட்டு வாங்குங்க. இன்னொண்ணு, அதே கடையில போல்வொரோன், மந்தெகாதோன்னு பொடிப்பொடியா உதிர்ற பிஸ்கட் அழகா காகிதத்துல சுத்தி வச்சிருப்பாங்க, அதுல பெரும்பாலும் போடுறது பன்றிக் கொழுப்பு, "மந்தேகா தெ செர்தோ"ன்னு சின்ன எழுத்துல இருக்கும். சைவம் மட்டும் இல்ல, முஸ்லிம் நண்பர்களுக்கு வாங்கிட்டுப் போறவங்களும் இதைப் பாக்காம வாங்கக் கூடாது. அழகான டப்பாவைப் பாத்து வாங்கிட்டு வந்து ஊர்ல குடுத்து அப்புறம் சங்கடப்பட்டவங்களை எனக்குத் தெரியும்.

மஞ்செகோ சீஸும் அதே கதை. லா மஞ்சா பகுதியில மஞ்செகா இன செம்மறியாட்டுப் பால்ல மட்டும் செய்யணும், வேற ஆடு கூடாது, மாடு கூடவே கூடாது. மேல்தோல்ல கோரைப்பாய் பின்னின மாதிரி வளைசல் கோடு இருக்கும், முன்னாடி நிஜமாவே புல் பின்னின பட்டையில வச்சு அழுத்தினதோட தழும்பு அது. முழு சீஸ்னா தோல்ல பதிச்ச நம்பர் தட்டு இருக்கும், அது இல்லாம "மஞ்சா ஸ்டைல்"னு சொல்லி விக்கிறதை நம்பாதீங்க. ஆனா பாலை உறைய வைக்கிறதுக்கு ஆட்டுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற உறை தான் வழக்கம், அம்மாவுக்கு ஆகாது. உங்களுக்கு வேணும்னா குராதோ, அதாவது நல்லா பழுக்க விட்ட சீஸ் வாங்கி காத்து எடுத்து பேக் பண்ணித் தரச் சொல்லுங்க.

அம்மாவுக்கு நிஜமாவே பொருத்தமான ஐட்டம் குங்குமப்பூ தான். லா மஞ்சா குங்குமப்பூவுக்கும் புவிசார் முத்திரை உண்டு, பாக்கெட்ல வரிசை நம்பர் போட்ட லேபிள் இருக்கணும். அக்டோபர் கடைசியில பூ பறிச்சு, அன்னைக்கே இழையை உருவி, அன்னைக்கே சல்லடையில போட்டு மெல்லிய தணல்ல வறுப்பாங்க. காஷ்மீர் பூவுக்கு இந்த வறுக்கிற வேலை கிடையாது, அதனால தான் ரெண்டுக்கும் வாசம் வேற. ஒரு கிராம் சேர நூத்தம்பது பூவுக்கு மேல வேணும், அதனால பெரிய டப்பா நாலு யூரோன்னு எவனாவது வச்சிருந்தா அது வேற ஏதோ பூவோட இதழ், இல்லேன்னா வெறும் கலர் பொடி. பொடியா வாங்கவே வாங்காதீங்க, இழையா வாங்குங்க. ஒரு கிராம் போதும், எடையும் இல்ல, உடையுற பயமும் இல்ல, மார்கழி வரைக்கும் சக்கரைப் பொங்கலுக்கு வரும்.

பீங்கான் வாங்கணும்னா தலவேராவும் புவெந்தே தெல் அர்சொபிஸ்போவும். டொலேடோ மாகாணத்து ஊருங்க தான் ரெண்டும், 2019ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறின வேலை. நீலமும் மஞ்சளும் தூக்கலா இருந்தா தலவேரா, பச்சை தூக்கலா இருந்தா மத்தது. திருப்பிப் பாருங்க, அடியில தூரிகையால பட்டறை பேரு எழுதியிருக்கும். கோடு ஒரே சீரா குட்டிப் புள்ளியா இருந்தா ஸ்டிக்கர் ஒட்டி சுட்டது.

பேரம் பேசுற பழக்கம் அங்க இல்ல, நாலஞ்சு பீஸ் சேத்து வாங்கினா ஏதாவது குறைப்பீங்களான்னு மரியாதையா கேக்கலாம், அவ்ளோ தான். நேரம் தான் முக்கியம். பதினொண்ணு மணிக்கு பஸ் பஸ்ஸா ஆள் இறங்கினா அந்த சந்துல நிக்கவும் முடியாது, கடைக்காரரும் உங்களுக்கு முகம் குடுத்துப் பேச மாட்டாரு. காலையில கதீட்ரல், சாந்தோ தோமே சர்ச்ல எல் கிரேக்கோங்கிற ஓவியர் வரைஞ்ச படம், யூதர் கோயில் எல்லாம் பாத்துடுங்க, மதியம் ரெண்டு டு அஞ்சு பல பட்டறை மூடியிருக்கும், அப்ப சாப்பிடுங்க. அஞ்சு மணிக்கு மேல கூட்டம் வடிஞ்சிடும், அப்ப தான் பட்டறைக்காரர் உக்காந்து காட்டுவாரு. ஏத்த இறக்கமான கல் பாவின தெரு, காலையிலயே வாங்கினா நாள் முழுக்க சுமக்கணும்.

கடைசியா வரி. நீங்க ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய குடியிருக்கிறவங்க, லண்டன்ல இருக்கிற நம்மாளுங்களும் இப்ப இதுல சேத்தி தான். நகை, பீங்கான்ல 21 சதவீதம் வாட் வரி சேந்திருக்கு, அதைத் திரும்ப வாங்கிக்கலாம். 2018ல இருந்து ஸ்பெயின்ல இதுக்குக் குறைந்தபட்சத் தொகை எதுவும் கிடையாது, பாஸ்போர்ட்டைக் காட்டி "திவா" ஃபார்ம் கேளுங்க, எல்லாக் குட்டிக் கடையும் தராது, ஆனா கேக்குறதுல நஷ்டம் இல்ல. மாட்ரிட் பராஹாஸ் ஏர்போர்ட்ல பெட்டியை செக் இன் பண்றதுக்கு முன்னாடியே திவா மெஷின்ல ஸ்கேன் பண்ணிடணும், பெட்டி உள்ள போய்ட்டா கஸ்டம்ஸ் சாமானைக் காட்டுன்னு கேட்டா உங்ககிட்ட இருக்காது. பாரிஸ் வழியா மாறிப் போறீங்க, சாமானையும் கையில வச்சிருக்கீங்கன்னா கடைசியா ஐரோப்பாவை விட்டுக் கிளம்புற ஊர்ல தான் முத்திரை, இதை கவுண்டர்ல மொதல்லயே கேட்டுக்கங்க. கமிஷன் போக தான் கைக்கு வரும்.

பீங்கான் வாங்கினா ட்ரெயின்ல மேல் ரேக்குல வைக்காதீங்க, மடியிலயே வச்சுக்கங்க. எங்க மாமா ஒரு தலவேரா ஜாடியை ரேக்குல வச்சுட்டு அத்தோச்சாவுல இறங்குறப்போ பையைத் தூக்கினாரு, உள்ள சலசலன்னு சத்தம் வந்துச்சு, வீட்டுக்கு வர்ற வரைக்கும் மனுஷன் அந்தப் பையைத் திறக்கவே இல்ல.